கட்டுப் பிரிக்கும் நேரம்

எங்கள் ஊரில் நெய்யும் துணியை எங்கள் ஊரில் யாரும் உடுத்துவதில்லை. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி, அதை ஒட்டிச் சமுசிகாபுரம், சங்கரபாண்டியபுரம் என்று தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்கும் ஊர்கள் இருக்கின்றன. அந்தத் தறிகளில் ஓடுவது வேட்டியும் சேலையும் அல்ல, பேண்டேஜ் துணி. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்தப் பக்கம் நிற்பவர் முகம் தெரியும். நூலுக்கும் நூலுக்கும் நடுவில் அவ்வளவு இடம் விட்டு நெய்வார்கள். வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர்கள் முதல்முறை பார்க்கும்போது, "இதென்ன, பாதி நூல விட்டுட்டு நெய்ஞ்ச மாதிரி இருக்கு" என்பார்கள். நெருக்கி நெய்வதைவிட இப்படி ஒரே சீராக இளக்கி நெய்வது கடினம் என்று அப்பா சொல்வார். இளக்கமாக இருக்கும் துணியில் ஒரு நூல் விலகினாலும் அந்த இடம் வாய் பிளந்துவிடும்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தார்க்குச்சியில் நூல் சுற்றுவது பிள்ளைகளின் வேலை. தறியிலிருந்து இறங்கும் துணி பழுப்பாக, கஞ்சி மொடமொடப்போடு இருக்கும். அதில் ஒரு துண்டைக் கிழித்துத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். பருத்தி இழையின் மேல் இயற்கையாகவே ஒரு மெழுகு உண்டு. அது இருக்கும்வரை பஞ்சு தண்ணீரைக் குடிக்காது. காஸ்டிக் சோடாவில் கொதிக்கவைத்து, வெளுத்து, அலசிக் காயப்போட்ட பிறகுதான் அது ஆஸ்பத்திரிக்குப் போகும் துணி ஆகிறது. மருத்துவப் பஞ்சுக்கென்று மருந்துத் தரநூலில் ஒரு சோதனையே இருக்கிறது: தண்ணீர்மேல் போட்டால் 10 விநாடிக்குள் மூழ்க வேண்டும். சலவைப் பட்டறையில் வேலை பார்த்த பெரியப்பா அதை எங்களுக்குப் பித்தளைச் சட்டியில் செய்து காட்டுவார். பஞ்சு நனைந்து, கனத்து, அடியில் போய் உட்காரும்போது பிள்ளைகள் கைதட்டுவோம்.

உறிஞ்சுவதுதான் இந்தத் துணியின் முழுத் திறமை என்று அன்று என் மனதில் பதிந்துவிட்டது. பிறகு அரசு மருத்துவமனைகளில் செவிலியராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் புண்ணைக் கட்டியும் பிரித்தும் பார்த்த பிறகு எனக்குப் பட்டது வேறு. புண்மேல் வைக்கும் பொருள் எப்படிப்பட்டது என்பது அதை வைக்கும்போது தெரிவதில்லை. எடுக்கும்போது தெரிகிறது.

நான் மதுரையில் பயிற்சிக்குச் சேர்ந்தது எழுபதுகளின் கடைசியில். மதியம் வார்டு சற்று அடங்கியதும், காஸ் என்று நாங்கள் சொல்லும் அந்த இளக்கி நெய்த துணி சுருள் சுருளாக வந்து இறங்கும். நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வெட்டுவோம். வெட்டிய ஓரம் வெளியே தெரியாமல் உள்ளுக்குள் மடித்து மடித்துச் சதுரமாக்க வேண்டும். ஓரத்திலிருந்து ஒரு நூல் உதிர்ந்து புண்ணுக்குள் தங்கினாலும் அதைச் சுற்றிச் சீழ் வைக்கும் என்று மூத்த சிஸ்டர் ஒவ்வொரு மடிப்பையும் பிரித்துப் பார்ப்பார். இரண்டு காஸுக்கு நடுவில் பஞ்சை வைத்தால் அது பேட். வார்டில் அதைக் கேம்ஜி என்போம். 1880இல் அப்படிப் பஞ்சைக் காஸுக்குள் வைத்துக் கட்டலாம் என்று சொன்னவர் பர்மிங்ஹாமில் இருந்த சாம்ப்சன் கேம்ஜி என்ற அறுவை மருத்துவர். அவர் பெயர் எங்கள் வார்டு ஆயாக்கள் வாயிலும் புழங்கியது. மடித்ததையெல்லாம் டிரம்மில் அடுக்கி ஆட்டோகிளேவுக்கு அனுப்புவோம். 121 டிகிரி நீராவியில் வெந்து வெளியே வரும்போது டிரம்மின் பக்கவாட்டு ஓட்டைகளை உடனே இழுத்து மூட வேண்டும். மூடாத டிரம் வீண்.

காலை எட்டு மணிக்கு மேல் டிரெஸ்ஸிங் டிராலி உருளும் சத்தம் கேட்டதும் வார்டில் பேச்சு நின்றுவிடும். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். டிராலியில் டிரம், கிட்னி டிரே, போர்செப்ஸ், ஸ்பிரிட், யூசால் பாட்டில் இருக்கும். யூசால் என்பது பிளீச்சிங் பவுடரும் போரிக் அமிலமும் கலந்த கரைசல். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915இல் எடின்பரோவில் உருவானது. அந்தக் குளோரின் வாடைதான் அந்த வார்டின் வாடை. புண்ணில் அழுகியதை அது கரைக்கும், அதோடு புதிதாக வளரும் திசுவையும் காயப்படுத்தும் என்பது பின்னாளில் வந்த பாடம். நாங்கள் அதை வாளி வாளியாகக் கலக்கினோம்.

நோயாளிகள் பயந்தது யூசாலுக்கு அல்ல. முந்தின நாள் வைத்த காஸை இழுக்கப் போகிறார்களே என்ற பயம் அது. புண்ணிலிருந்து கசியும் நீர் காஸில் ஊறி, விசிறிக் காற்றில் காய்ந்து, துணி தகடாக இறுகிவிடும். அது மட்டுமென்றால் நனைத்து எடுத்துவிடலாம். ஆறத் தொடங்கும் புண்ணில் சிவப்பாக, பொடிப்பொடியாகப் புதுத் திசு எழும்பும். அதில் முழுக்க நுண்ணிய ரத்தக் குழாய்கள். அந்தத் திசு, காஸின் கண்களுக்குள் புகுந்து மறுபக்கம்வரை வளர்ந்துவிடும். எங்கள் அப்பா கவனமாக விட்டு நெய்த அந்த இடைவெளிக்குள்தான். காஸை இழுத்தால் முந்தின நாள் உடம்பு கட்டியதெல்லாம் கையோடு வரும். புண் முழுக்க ரத்தப் புள்ளிகள் பூக்கும். "மெதுவா எடு தாயி, மெதுவா எடு தாயி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன கிழவர்களின் குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. சலைன் ஊற்றி ஊறவைத்து எடுக்க மனம் இருக்கும். முப்பது பேருக்குக் கட்டு மாற்ற ஒரே ஒரு செவிலியர் இருக்கும் வார்டில் ஊறவைக்க நேரம் இருக்காது.

புண் காய வேண்டும், பொருக்குத் தட்ட வேண்டும் என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். அதற்கு வெகுகாலம் முன்பே, 1962இல், லண்டனில் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றிக்குட்டிகளின் தோலில் மேலோட்டமான காயங்கள் செய்து, சிலவற்றைக் காற்றில் விட்டு, சிலவற்றைப் பாலிதீன் தாளால் மூடிப் பார்த்து எழுதிவிட்டார். மூடி ஈரமாக வைத்த காயத்தில் தோல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் மூடியது. பொருக்கு உதவவில்லை. புதுத் தோல் அதற்கடியில் ஈரத்தைத் தேடிச் சுற்றி வளைத்துப் போக வேண்டியிருந்தது. பெரிய அறிவியல் இதழான நேச்சரில் வந்த அந்தக் கட்டுரை எங்கள் வார்டுக்கு வந்து சேர இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அத்தனை காலை வேளைகளில் அத்தனை பேர் பட்ட வலியை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஆனால் வலியைக் குறைக்கும் வழி அதற்கும் முன்பே ஒன்று இருந்தது. சினிமாவைக் கண்டுபிடித்த லூமியேர் சகோதரர்களில் மூத்தவரான அகுஸ்த் லூமியேர், முதல் உலகப் போரின்போது லியோன் நகரில் காயம்பட்ட சிப்பாய்களுக்காக, அகலக் கண்ணுள்ள வலைத்துணியில் பாரபினைத் தோய்த்து ஒட்டாத கட்டுத்துணி செய்தார். அந்த வழியில் வந்ததுதான் நம் மருந்துக்கடைகளில் இன்றும் கிடைக்கும் சோஃப்ராடூல். எண்ணெய்ப் பசையோடு, வலை வலையாக, தாளுக்கு நடுவில் இருக்கும். எங்கள் காலத்தில் அது வெளியில் வாங்கிவரச் சீட்டு எழுதிக் கொடுக்கும் பொருள். ஏழைகளிடம் எழுதிக் கொடுக்க மனம் வராது. அதனால் நாங்களே செய்துகொண்டோம். காஸைச் சதுரமாக வெட்டித் தகர டப்பாவில் அடுக்கி, மேலே வாசலினைப் போட்டு, ஹாட் ஏர் அவனில் வைப்போம். நீராவி எண்ணெய்க்குள் இறங்காது, அதனால் உலர்ந்த சூடுதான் வேண்டும். உருகிய வாசலின் அடுக்கடுக்காக ஊறி இறங்கியிருக்கும். அந்த டப்பாவைக் குழந்தைகளுக்கும் தீப்புண்காரர்களுக்கும் என்று ஒதுக்கி வைப்போம்.

தீப்புண் வார்டைப் பற்றி அதிகம் எழுத எனக்குத் தெம்பில்லை. ஸ்டவ் வெடித்தது என்று சொல்லிச் சேர்க்கப்பட்ட இளம்பெண்கள் அங்கே இருந்தார்கள். தோல் போன உடம்பைத் துணியில் கிடத்த முடியாது, ஒட்டிக்கொள்ளும். வாழையிலையில் கிடத்துவோம். இலையின் மேல்புறத்து மெழுகில் எதுவும் ஒட்டாது, குளிர்ச்சியாகவும் இருக்கும். இது நம் ஊரில் யாரும் யாருக்கும் கற்றுத்தராமல் வந்த வழக்கம். மும்பை சயான் மருத்துவமனையில் மாதுரி கோரே என்ற அறுவை மருத்துவர், ஆட்டோகிளேவில் கிருமி நீக்கிய வாழையிலையைத் தீப்புண் கட்டாகவே வைத்து முறையாகச் சோதித்து, 2003இல் தீப்புண் மருத்துவ இதழில் வெளியிட்டார் என்று பின்னாளில் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. உருளைக்கிழங்குத் தோலையும் அங்கே அப்படிச் சோதித்திருக்கிறார்கள். பிரசவ வார்டிலிருந்து பனிக்குட உறையை வாங்கிவந்து கழுவித் தீப்புண்ணில் போர்த்துவதும் நடந்தது. மனித உடம்பின் உறை என்பதால் அது அருமையாகப் பொருந்தும். எய்ட்ஸ் பயம் வந்த பிறகு அது நின்றுபோனது.

எய்ட்ஸ் பயம் கையுறைகளையும் மாற்றியது. அதற்கு முன் ரப்பர் கையுறை என்பது எங்களுக்கு வெள்ளிப் பாத்திரம் மாதிரி, கழுவிக் கழுவிப் பயன்படுத்தும் சொத்து. அறுவை முடிந்ததும் கழற்றிய கையுறைகளை மருந்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, உள்ளும் புறமும் சோப்புப் போட்டுக் கழுவுவோம். பிறகு ஒவ்வொன்றையும் தண்ணீர் நிரப்பிப் பிதுக்கிப் பார்க்க வேண்டும். ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும் விரல் நுனியில் மணி கட்டும். ஓட்டை இல்லாததைக் கொடியில் காயப்போட்டு, திருப்பிப் போட்டு மறுபக்கமும் காயவைத்து, பவுடர் தூவி, 6½, 7, 7½ என்று அளவு பார்த்து ஜோடி சேர்த்து, மணிக்கட்டு மடித்து, துணியில் பொதிந்து மறுபடி ஆட்டோகிளேவுக்கு அனுப்புவோம். ஓட்டையானதும் குப்பைக்குப் போகாது. விரலை நீளவாக்கில் கீறி, சீழ் வடிய வயிற்றுக்குள் வைக்கும் டிரெயினாக்குவார்கள். மணிக்கட்டு வளையம் ரத்தம் எடுக்கும்போது கையில் கட்டும் ரப்பராகும். பவுடர் தூவும் மேஜையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது தலைமுடி, புருவம் எல்லாம் வெள்ளையாக இருக்கும்.

கையுறை பிறந்த கதையை எங்களுக்கு ஒரு வகுப்பில் சொன்னார்கள். அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவரின் அரங்கில் கரோலின் ஹாம்ப்டன் என்ற செவிலியர் வேலை பார்த்தார். கை கழுவும் பாதரசக் கரைசலில் அவர் கையும் முழங்கையும் வெந்துபோனது. அவருக்காகக் குட்இயர் ரப்பர் நிறுவனத்திடம் சொல்லி ஹால்ஸ்டெட் மெல்லிய கையுறை செய்து தந்தார். 1890இல் அவர்கள் திருமணம் செய்துகொண்டார்கள் என்றதும் வகுப்பில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அந்தக் காதலைவிட வேறொன்று முக்கியமாகப் பட்டது. நோயாளியைக் கிருமியிலிருந்து காக்க என்று அது முதலில் வரவில்லை. ஒரு செவிலியரின் கை புண்ணாகிவிட்டது, அதைக் காப்பாற்ற வந்தது. அதை எல்லாரும் போட்டால் அறுவைக்குப் பின் சீழ் பிடிப்பது குறைகிறது என்பதை ஹால்ஸ்டெட்டின் மாணவர் ஜோசப் பிளட்குட் குடலிறக்க அறுவைகளின் கணக்கை வைத்துக் காட்டியது 1899இல்.

ஆனால் எங்கள் வார்டில் அப்போது கட்டு மாற்றியது வெறுங்கையால்தான். போர்செப்ஸால் எடுத்துப் போர்செப்ஸால் வைப்போம். ஆனாலும் விரலில் படாமல் இருக்குமா? 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேர்ந்து இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்த செய்தி வந்த பிறகு அந்த விரல்களைப் பார்த்துப் பயந்தோம். பிரசவ வார்டில் முழங்கைவரை ரத்தத்தில் வேலை பார்த்த தோழிகள் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கத் தயங்கினார்கள். ஒருமுறை போட்டுத் தூக்கி எறியும் கையுறைகள் அரசு மருத்துவமனைக்குத் தாராளமாக வரத் தொடங்கியது அதற்கும் சில ஆண்டுகள் கழித்து.

வந்ததும் வேறொரு சிக்கல் தலைகாட்டியது. என்னோடு விடுதியில் இருந்தவள் குலசேகரத்துக்காரி. ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் வளர்ந்தவள். விடியலில் மரத்தைச் சீவி, சிரட்டையில் வடியும் பாலை வெயில் ஏறுமுன் எடுத்துவரும் வேலையை நேரில் பார்த்து வளர்ந்தவள். அவளுக்கே கையுறை போட்டால் கை தடித்தது. பிறகு தும்மல், பிறகு மூச்சிரைப்பு. ரப்பர் பாலில் இருக்கும் புரதங்கள் ஒத்துக்கொள்ளாமல் வருவது அது. கையுறைக்குள் தூவிய மாவு அந்தப் புரதத்தைச் சுமந்துகொண்டு அறை முழுக்கப் பறக்கும். ஒருவர் கையுறை கழற்றினால் பக்கத்தில் இருப்பவருக்கு மூச்சு அடைக்கும். அந்தப் பவுடருக்கே ஒரு நீண்ட வரலாறு உண்டு. முன்பு டால்க் கல்மாவு போட்டார்கள், அது வயிற்றுக்குள் விழுந்து கட்டி கட்டியாக முடிச்சுகளை உண்டாக்கியது. பிறகு சோளமாவுக்கு மாறினார்கள், அதிலும் குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் ஆபத்து இருந்தது. கடைசியில் அமெரிக்க அரசு 2017 ஜனவரியில் பவுடர் போட்ட மருத்துவக் கையுறைகளுக்கே தடை போட்டது. பவுடர் இல்லாமல் கை வழுக்கி நுழைய, கையுறையைக் குளோரினில் அலசி மேற்பரப்பைக் கடினமாக்கினார்கள், அல்லது உள்ளே மெல்லிய பாலிமர் பூச்சு கொடுத்தார்கள். ரப்பர் மரமே வேண்டாம் என்று, பெட்ரோலியத்திலிருந்து வரும் அக்ரிலோநைட்ரைலையும் பியூட்டாடையீனையும் சேர்த்துச் செய்த நைட்ரைல் கையுறை நீல நிறத்தில் வந்தது. அதில் ரப்பர் மரத்தின் புரதம் கிடையாது. என் தோழி பணியின் கடைசி ஆண்டுகளில்தான் அதை அணிந்தாள். "இது முன்னாடியே வந்திருந்தா நான் தியேட்டரை விட்டுப் போயிருக்க மாட்டேன்" என்றாள். அவள் திறமையான அறுவை அரங்கச் செவிலியர். மூச்சிரைப்பால்தான் வெளிநோயாளர் பிரிவுக்கு மாற்றல் வாங்கிப் போனாள். ஆனாலும் ரப்பர் பாலில் செய்த கையுறை விரலோடு ஒட்டி நின்று, நாடி துடிப்பதைக்கூட விரல் நுனிக்குச் சொல்வது போல நைட்ரைல் சொல்வதில்லை என்பதும் என் அனுபவம்.

பிரசவ வார்டில் இருந்த காலத்தில் எங்கள் பேட் மடிக்கும் மேஜைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பிள்ளை பெற்றவளுக்கு உதிரப்போக்குக்கு வைக்க நீளப் பேட் மடிப்போம். வீட்டிலிருந்து வரும் பழைய சேலைக் கிழிசலைவிட அது சுத்தம். வார்டுக்கு வரும் பெண்கள் போகும்போது, "வீட்டுக்கு ரெண்டு தாங்க சிஸ்டர்" என்று கேட்பார்கள். முதல் உலகப் போரில் பஞ்சுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கிம்பர்லி கிளார்க் என்ற அமெரிக்கக் காகித நிறுவனம் மரக்கூழிலிருந்து செல்லுகாட்டன் என்ற பொருளைச் செய்து காயங்களுக்கு அனுப்பியது. போர்முனைச் செவிலியர்கள் அதைத் தங்கள் மாதவிடாய்க்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். போர் முடிந்ததும் 1920இல் அது கோடெக்ஸ் என்ற பெயரில் கடைக்கு வந்தது. எங்கள் மேஜையில் நடந்ததும் அதுதான், கடைக்குப் போகவில்லை, அவ்வளவுதான். கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் தன் மனைவிக்காக நாப்கின் செய்யப் புறப்பட்டு, பருத்தியை வைத்துப் பார்த்துத் தோற்று, பெரிய நிறுவனங்கள் வைப்பது மரக்கூழ் என்று கண்டுபிடித்த கதை இன்று எல்லாருக்கும் தெரியும். பஞ்சு உறிஞ்சும், ஆனால் அழுத்தினால் திரும்ப விட்டுவிடும். மரக்கூழ் இழை அதைவிடப் பிடித்து வைத்திருக்கும். இன்றைய நாப்கினுக்குள் இருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் மணிகள் நீரைக் கூழாக்கித் தன்னோடு பூட்டிக்கொள்ளும். 2012இல் தமிழக அரசு புது யுகம் திட்டத்தைத் தொடங்கி, கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்கும் அரசு மருத்துவமனையில் பிள்ளை பெற்றவர்களுக்கும் நாப்கினை இலவசமாகக் கொடுத்தபோது, நான் பொதி பொதியாக எடுத்துக் கொடுத்த அந்த நாட்களில் எனக்கிருந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஆனால் அந்த மணிகளும் பிளாஸ்டிக் தாளும் மக்குவதில்லை. பள்ளிக் கழிவறைக்குப் பின்னால் அவை குவிவதையும், எரித்தால் எழும் புகையையும் பார்த்தபோது வேலை பாதியில் நிற்பதாகத்தான் பட்டது. பொருளைக் கொடுத்தவர்களே அதைத் திரும்பப் பெற்று அழிக்கவும் வழி செய்ய வேண்டும் என்று நான் அன்றும் கேட்டேன், இன்றும் கேட்கிறேன்.

தொண்ணூறுகளின் இறுதியிலிருந்து புண்ணுக்கான புதுப் பொருள்கள் ஒவ்வொன்றாக என் கைக்கு வந்தன. அரசு விநியோகத்தில் அல்ல, பெரும்பாலும் நோயாளி வாங்கி வந்தவை, நிறுவனங்கள் மாதிரிக்குத் தந்தவை. ஹைட்ரோகொலாய்டு என்ற, பசையும் கூழுமான தகடு. நீரைக் குடித்து ஆவியாய் வெளியே விடும் பாலியூரிதேன் நுரை. கடற்பாசியிலிருந்து வரும் ஆல்ஜினேட்டைத் தொட்டால் உலர்ந்த பஞ்சு போலிருக்கும், புண்ணில் வைத்ததும் வழவழப்பான கூழாகிவிடும். அதிலிருக்கும் கால்சியம் வெளியேறிப் புண்நீரின் சோடியம் உள்ளே வருவதால் நடக்கும் மாற்றம் அது. எடுக்க இழுக்கவே வேண்டாம், சலைனில் அலசினால் போய்விடும். மண்டபத்திலும் பாம்பனிலும் இடுப்பளவு கடலில் மூழ்கி மூழ்கிக் கட்டக்கோரைப் பாசி எடுக்கும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஆல்ஜினேட்டின் மூலப்பொருள் அந்தப் பாசி. பாறையில் கீறிய அவர்கள் விரல்களில் துணி சுற்றியிருந்தது. சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தோலின் புரதமான கொலாஜனைப் பிரித்துப் புண்ணுக்கு மூடியாக்கும் ஆராய்ச்சியில் நெடுங்காலம் ஈடுபட்டது. கொலாஜன் தாளைத் தீப்புண்ணில் போர்த்தினால் அதைத் தினமும் எடுக்கவே தேவையில்லை, உடம்போடு சேர்ந்துவிடும்.

சிலிக்கோன் வலையை முதன்முதலில் பிரித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டிய இடம். கொத்தனார் வேலை பார்க்கும் இளைஞர். நான்கு நாள் கழித்துக் கட்டைப் பிரிக்கப் போனபோதே அவர் கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார், கண்ணை மூடிக்கொண்டார். சிலிக்கோனின் மென்மையான ஒட்டும் தன்மை உலர்ந்த தோலில் மட்டும் பிடிக்கும், ஈரமான புண்ணில் பிடிக்காது. ஓரத்தைத் தூக்கினேன். தானாகக் கையோடு வந்தது. அடியில் ரோஸ் நிறத்தில் புதுத் தோல், ஒரு ரத்தப் புள்ளி இல்லை. தட்டில் போட்டுவிட்டு நின்றேன். அவர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. "எப்ப எடுப்பீங்க சிஸ்டர்?" என்றார்.

"எடுத்தாச்சு தம்பி."

அவர் நம்பாமல் குனிந்து பார்த்தார். என்னோடு வந்திருந்த பயிற்சிப் பெண்களுக்கு அவர் ஏன் அழுகிறார் என்று விளங்கவில்லை. அவர்கள் பழைய கட்டுப் பிரிக்கும் காலையைப் பார்த்ததில்லை.

இவ்வளவு சொன்னாலும் காஸ் துணிக்குப் பதில் எல்லாம் வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆழமான சீழ்ப் பொந்தை அடைக்க, அறுவையில் ரத்தத்தை ஒற்ற, கட்டை இறுக்கிப் பிடிக்க இன்றும் அதுதான். வயிற்றுக்குள் மறந்து விட்ட துணி ஒன்று நோயாளியின் உயிருக்கே உலை வைத்துவிடும் என்பதால், எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் நூல் ஒன்றை அறுவைக் காஸில் சேர்க்கிறார்கள். ஒற்றை நீல நூல். அதைவிட மலிவான, அதைவிட உயிர் காத்த கண்டுபிடிப்பு எங்கள் தொழிலில் வேறு உண்டா என்று தெரியவில்லை. துணி காக்க வேண்டியது நோயாளியை மட்டும் அல்ல. 2020இல் கொரோனா வந்து பாதுகாப்பு அங்கிக்கு நாடே அல்லாடியபோது, அங்கித் துணிக்குள் ரத்தம் இறங்குகிறதா என்று செயற்கை ரத்தத்தை வைத்துச் சோதித்துச் சான்று தரும் வேலை முதலில் கோயம்புத்தூர் சிட்ராவுக்குத்தான் வந்தது. பருத்தி ஆலைகளுக்காக ஏற்பட்ட ஆராய்ச்சிக் கூடம் அது. என் அண்ணன் மகள் அப்போது செவிலியராகப் பணியில் இருந்தாள். அங்கிக்குள் வெந்து, கையுறைக்குள் விரலெல்லாம் ஊறிச் சுருங்கி வீட்டுக்கு வருவாள்.

ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பிய பிறகும் கட்டுப் பிரிக்கும் வேலை என்னை விடவில்லை. இப்போது வருபவர்கள் எல்லாம் சர்க்கரைப் புண்காரர்கள். தறி ஓட்டியவர்கள், தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர்கள், நூறு நாள் வேலைக்குப் போனவர்கள். இவர்களிடம், எடுக்கும்போது வலிக்கிறதா என்று பார்க்கும் என் பழைய அளவுகோல் செல்லவில்லை. சர்க்கரையால் பாதத்து நரம்பு மரத்துப் போனவருக்குக் காஸை எப்படி இழுத்தாலும் வலிக்காது. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார், புண்ணில் ரத்தப் புள்ளி பூக்கும். கட்டிவிடும் மகளோ மருமகளோ, "வலிக்கல பாருங்க சித்தி, நல்லா ஆறுது" என்று என்னிடமே சொல்வார்கள். அதனால் அவர் முகத்தைப் பார்க்காதே, பிரித்தெடுத்த துணியின் அடிப்பக்கத்தைப் பார் என்று சொல்லிக் கொடுக்கிறேன். சிவந்த பொடி ஒட்டியிருந்தால் அன்றைய வேலை வீணாகிவிட்டது. மருந்துக்கடையில் பாரபின் காஸ் கேட்டு வாங்கு, அதை அடியில் வைத்து மேலே நம் ஊர்த் துணியைக் கட்டு. காய்ந்திருந்தால் சலைன் ஊற்றி, கஞ்சி வடிக்கிற நேரமாவது காத்திருந்து எடு. யூசாலையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் தினமும் ஊற்றாதே. வேலூரில் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மரத்த பாதத்துக்காகச் செய்வித்த மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பு சர்க்கரைக் காலுக்கும் பொருந்தும், அதை வாங்கிப் போடச் சொல்.

சிலிக்கோன் வலையும் நுரைக் கட்டும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்துப் பட்டியலில் வர வேண்டும் என்று எங்கள் சங்கக் கூட்டங்களில் மனுக் கொடுத்து வருகிறோம். தினம் மாற்றும் கட்டை நான்கைந்து நாளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்றால், கூலி வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் அத்தனை நாட்களும் அவர்களுக்கு மிச்சம். அந்தக் கணக்கையும் மனுவோடு சேர்த்தே எழுதியிருக்கிறோம்.